இருபதாம் சங்கீதமும் கொழும்பு மாநகரமும்

அரசனுக்காக இறைவனை வேண்டுவது உலகத்து மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. நாடு நலமாயிருக்குங் காலத்தில் அவ்வேண்டுதல் ஒரு சடங்காக நடந்து முடிந்துவிடும். அதன் பொருளை எவரும் உசாவுவதில்லை. இடுக்கண் வந்துற்ற காலத்திலோ, ஆள்வோனுக்காக வேண்டுகின்றவன் உண்மையில் எதனை வேண்டுகின்றான் என்னும் வினா எழுகின்றது. ஆள்பவன் நீடு வாழவேண்டும் என்றா? அவன் எண்ணியன யாவும் கைகூட வேண்டும் என்றா? அன்றி, அவன் செவிகள் திறக்கவேண்டும் என்றா? கொழும்பு மாநகரின் வரலாற்றிலே இவ்வினா பன்முறை எழுந்திருக்கின்றது. யூதரின் பழம் பாடற்றொகுதியிலே இருபதாம் பாடலோ இவ்வினாவைத் தன் இறுதி அடியில் மூவாயிரம் சொல்லால் விளக்கவேண்டிய அளவுக்குச் செறிவாக அடக்கி வைத்திருக்கின்றது.

சங்கீதங்கள் என்று புரட்டஸ்தாந்தரும், திருப்பாடல்கள் என்று இக்காலக் கத்தோலிக்கரும் வழங்கும் அத்தொகுதியில் நூற்றைம்பது பாடல்கள் உள. அவற்றுள் இருபதாவது, போருக்குப் புறப்படும் மன்னனுக்காகக் குடிகள் ஒருங்கு நின்று சொல்லும் மன்றாட்டு. ஆபத்து நாளிலே இறைவன் அவனுக்கு விடையளிக்க வேண்டும், அவன் இட்ட காணிக்கைகளை நினைவுகூர வேண்டும், அவன் நெஞ்சின் நினைவை நிறைவேற்ற வேண்டும் என்று அது தொடங்குகின்றது. பிறர் தேரையும் குதிரையையும் நம்புவர். தாமோ இறைவன் திருப்பெயரையே நம்புவதாக அக்குடிகள் கூறுகின்றனர். இதுவரை சிக்கல் ஒன்றும் இல்லை. சிக்கல் கடைசி அடியிலேதான்.

எபிரேய மூலத்தில் அவ்வடி மிகச் சில சொற்களால் ஆனது. பண்டை ஏடுகளில் நிறுத்தக் குறிகள் இல்லை. நம் ஏட்டுச் சுவடிகளிற் போலவே, படிப்பவன் எங்கே மூச்சை நிறுத்துகின்றானோ அங்கே பொருள் பிரிகின்றது. 'அரசன்' என்னுஞ் சொல்லை முன்னே சேர்த்துப் படித்தால், அரசனைக் காக்கும்படியும், கூப்பிடும் குடிகளுக்குச் செவிசாய்க்கும்படியும் இறைவனை வேண்டுவதாக முடியும். அச்சொல்லைப் பின்னே சேர்த்துப் படித்தாலோ, இறைவன் காக்கட்டும், கூப்பிடும் நாளிலே அரசன் செவிசாய்க்கட்டும் என்று முடியும். கிறித்துவுக்கு முன்னரே எழுந்த கிரேக்க மொழிபெயர்ப்பும் அதனைத் தழுவிய இலத்தீன் பாடமும் முதற் பொருளைக் கொண்டன. எபிரேயப் பாடத்துக்கு உயிர்க்குறியும் நிறுத்தக் குறியும் இட்டுத் தந்த யூத அறிஞர்கள் இரண்டாவதைக் கொண்டனர்.

ஐரோப்பிய மன்னர்களுக்காகக் கோயில்களிற் பாடப்பெற்ற இலத்தீன் மன்றாட்டு முதற் பாடத்திலிருந்தே பிறந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் பொது மன்றாட்டு நூலோ இரண்டையும் வைத்துக்கொண்டது. காலை மாலை வழிபாட்டிலே குருவும் சபையும் மாறி மாறிச் சொல்லும் வேண்டுதலில், அரசனைக் காத்தருளுமாறு கேட்கப்படும். அதே நூலின் சங்கீதப் பகுதியிலோ அவ்விடத்து வரும் வேந்தன் விண்ணுலக வேந்தனாகிய இறைவனே. ஒரு நூலின் இரு பக்கங்கள் இவ்வாறு ஒத்துப்போகாமை பற்றி அதனை நாள்தோறும் ஓதியவர்கள் பெரிதும் கவலையுற்றதாகத் தெரியவில்லை. பரவலாக வழங்கும் தமிழ் வேதாகமம் எபிரேயப் பாடத்தைப் பின்பற்றுவது. ஆங்கே, கூப்பிடும் நாளில் செவிகொடுக்க வேண்டியவர் ராஜாவே.

இவ்விரு பொருள்களுள் எது மூலப் புலவன் கருதியது என்று தீர்ப்புக் கூறுவது எபிரேயம் வல்லார் தொழில். வரலாறு படிப்போருக்கு வேறொன்று புலப்படும். ஒருவனுக்காக இறைவனை வேண்டுவது, அவனும் துணை வேண்டியவனே என்று ஒப்புக்கொள்வதாகும். கி.பி. 197ஆம் ஆண்டளவிலே கார்த்தேசு நகரத்துத் தெர்த்துல்லியன் உரோமப் பேரரசுக்கு முன் கிறித்தவர் சார்பில் எழுதிய மறுப்புரையில் இக்கருத்தையே எடுத்தாண்டான். பேரரசனுக்காக இறைவனை மன்றாடுவோம், ஆனால் அவனை இறைவன் என்று அழையோம் என்பது அவன் வாதம். அரசனை வழிபடுவதற்கும் அரசனுக்காக வழிபடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அக்காலத்துக் கிறித்தவர் தம் உயிரைக் கொடுத்துக் காத்தனர்.

இனிக் கொழும்புக்கு வருவோம். கொட்டாஞ்சேனைக்கும் புறக்கோட்டைக்கும் அண்மையிலே, துறைமுகத்தை நோக்கிய ஒரு மேட்டின்மீது வுல்பெண்டால் தேவாலயம் நிற்கின்றது. ஒல்லாந்தர் 1749ஆம் ஆண்டில் தொடங்கி 1757ஆம் ஆண்டில் திறந்துவைத்த கோயில் அது. சிலுவை வடிவில் அமைந்து, கோட்டைச் சுவரோ என ஐயுறத்தக்க தடித்த சுவர்களை உடையது. போர்த்துக்கேயர் காலத்துக் குவாதலூப்பே மாதாவின் பெயரை ஒல்லாந்தர் ஓநாய் என்று பிழைபடக் கேட்டு, 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' எனப் பொருள்படும் இப்பெயரை இட்டனர் என்பர். ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபையார் வழிபாட்டிலே சங்கீதங்களைச் செய்யுளாக்கிப் பாடுவதையே தலையாய இசையாகக் கொண்டவர்கள். ஆகவே அம்மேட்டிலே முதன்முதல் ஒலித்த பாட்டுக்கள் தாவீதின் பெயரால் வழங்கும் இப்பாடல்களே எனலாம். நோன்புக்கும் மன்றாட்டுக்கும் உரிய நாட்களை ஆட்சியாளரே அறிவிப்பது அவர்கள் வழக்கம். கோயிலும் குழுமமும் ஒரே கையில் இருந்தன. அக்காலத்திலேயே கொழும்பிற் பிறந்த தமிழராகிய பிலிப்பு தெ மெல்லோ குருப்பட்டம் பெற்றுப் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1759ஆம் ஆண்டில் கொழும்பிலே அச்சிடுவித்தார்.

1796 பெப்ரவரியிற் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. இருக்கைகள் அவையே, சங்கீதங்களும் அவையே. வேண்டுதலுக்கு உரிய ஆட்சியாளன் மட்டும் மாறினான். 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியமும் வீழ்ந்து இலங்கை முழுவதும் பிரித்தானிய முடியின்கீழ் வந்தது. அவ்வாண்டளவிலேதான், பிரவுண்றிக் தேசாதிபதியின் ஆதரவோடு, கொட்டாஞ்சேனையை அடுத்த ஜிந்துப்பிட்டியிலே தமிழ்ச் சபையாருக்கெனப் பரிசுத்த தோமாவின் ஆலயம் எழுந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் முறைப்படி வழிபடுவோர் அன்று எந்த அரசனுக்காக வேண்டினர்? மூன்றாம் ஜோர்ஜ் மன்னனுக்காக. அவனோ சித்தம் கலங்கி, வின்சர் மாளிகையின் அறைகளில் அடைபட்டுக் கிடந்தான். 1811 முதல் அவன் மகனே ஆட்சிப் பொறுப்பை நடத்தி வந்தான். கூப்பிடும் நாளில் அரசன் செவிகொடுக்கட்டும் என்பதை எண்ணிப் பார்க்கையில் நகைப்பும் இரக்கமும் ஒருங்கே தோன்றும்.

தமிழ் வேதாகமத்தின் வரலாற்றிலே மற்றொரு செய்தியும் உண்டு. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் செய்வித்து 1850ஆம் ஆண்டில் வெளிவந்த மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர், பிற்காலத்தில் சைவத்தின் காவலராக விளங்கிய ஆறுமுக நாவலரே. சங்கீதங்களை நுணுகி ஆய்ந்த அவர், சைவ ஆலயங்களிற் பூசை முடிவிலே ஓதப்படும் வாழ்த்தையும் அவற்றோடு ஒப்பிட்டு எண்ணியிருப்பாரோ என்று வினவத் தோன்றுகின்றது. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் வரும் அவ்வாழ்த்து ஈழத்துச் சைவர் அனைவரும் நெஞ்சிற் கொண்டது. அதன் வரிசையை உன்னுக: முதலில் மழை, பின்னர் வளம், அதன்பின் மன்னன். மன்னன் நெடுங்காலம் வாழ்க என்று அது வாளா வாழ்த்தவில்லை. முறைதவறாது ஆளவேண்டும் என்றே வேண்டுகின்றது.

இதற்கு நிகரானது எழுபத்திரண்டாம் சங்கீதம். சாலமோன் பெயரால் வழங்கும் அதுவும் மன்னனுக்குரிய மன்றாட்டே. அதிலும் மழை உண்டு. அரசன் புல்லறுத்த நிலத்திலே பெய்யும் மழைபோல் வரவேண்டும் என்கின்றது. கடல் முதல் கடல்வரை அவன் ஆணை செல்லட்டும், பிறநாட்டு வேந்தர் திறை கொணரட்டும் என்றெல்லாம் பாடிவிட்டு, அச்சிறப்புக்கு உரிய காரணத்தையும் சொல்லிவிடுகின்றது: கூப்பிடும் எளியவனை அவன் விடுவிப்பான், ஏழைகளின் குருதி அவன் பார்வையில் விலைமதிப்புடையதாயிருக்கும். ஆகவே இருபதாம் சங்கீதத்தின் ஈற்றடியை எவ்வாறு பதம் பிரித்தாலும், எழுபத்திரண்டாவது ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. செவிகொடுப்பதே அரசனுக்கு அளவுகோல்.

வேண்டுதலும் அளவுகோலும் ஒருவரிடத்தே சேர்ந்திருந்தமைக்குக் கொழும்பிலே சான்று உண்டு. கொச்சிக்கடையில் உள்ள பொன்னம்பலவாணேசர் ஆலயம், பொன்னம்பல முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பியது. அதனைக் கருங்கற் றிருப்பணியாகப் புதுக்கியவர் அவருடைய புதல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1915ஆம் ஆண்டில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலகம் மூண்டபோது ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. சிங்களத் தலைவர் பலரைச் சிறையிலிட்டது. விசாரணை என்ற பெயருக்கும் பொருந்தாத விசாரணைகளின் பின் சிலரைச் சுட்டுக் கொன்றது. சட்டநிரூபண சபையிலே எழுந்து நின்று ஆட்சியின் கொடுமையை எடுத்துரைத்தவர் இராமநாதன். உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த அக்காலத்திலே கடல் கடந்து இலண்டன் சென்று முறையிட்டார். 1916இல் அக்கலகத்தைப் பற்றியும் இராணுவச் சட்டத்தைப் பற்றியும் ஆங்கிலத்தில் நூலும் வெளியிட்டார். அவர் மீண்டபோது சிங்களப் பெருமக்கள் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றனர். அக்கலகத்தில் உயிரும் உடைமையும் இழந்த முஸ்லிம்களோ, அவர் குரலிலே தம் துயருக்கு இடமிருந்ததாக எண்ணவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. முடியாட்சிக்கு அவர் பகைவர் அல்லர். முறைதவறாது ஆள்க என்று கோயிலிற் கேட்டதை இலண்டனிலும் கேட்டார், அவ்வளவே.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. அன்று காலை யப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தின்மீதும் இரத்மலானையின்மீதும் குண்டு வீசின. துறைமுகத்தை அடுத்த கொச்சிக்கடையும் கொட்டாஞ்சேனையும் வழிபாட்டு வேளையில் அவ்வோசையைக் கேட்டன. அக்காலத்தில் வேண்டுதலுக்குரிய மன்னன் ஆறாம் ஜோர்ஜ். 1940 மே மாதத்திலே அவனே தன் குடிகளை ஒரு நாள் மன்றாட்டுக்கு அழைத்திருந்தான். அரசன் குடிகளிடம் வேண்டுதலைக் கேட்டு நின்ற காட்சி அது. தேர், குதிரை என்று சங்கீதம் சொன்னவை அப்போது விமானமாகவும் பீரங்கியாகவும் உருக்கொண்டிருந்தன.

1948 பெப்ரவரி 4ஆம் திகதி நாடு விடுதலை பெற்ற பின்னும் முடி நீங்கவில்லை. 1952 முதல் எலிசபெத் இலங்கையின் அரசியாராயினார். 1972 மே 22ஆம் திகதி குடியரசு பிறந்தது. அரசன் என்றும் அரசி என்றும் வேண்டிவந்த நாவுகள், ஆட்சிப் பொறுப்பில் உள்ளோர் என்று வேண்டப் பழகின. பெயர் மாறுவது எளிது. அடியின் பிற்பகுதியோ அப்படியே நின்றது.

முடியாட்சிக் காலத்திலேயே அது ஒருமுறை சோதனைக்கு உள்ளாகியிருந்தது. 1958 மே மாதத்து இனக்கலவரத்தில் தலைநகரிலும் தமிழர் தாக்கப்பட்டனர். கலவரம் நாடெங்கும் பரவிய பின்னரே, மே 27ஆம் திகதி, அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. றோயல் கல்லூரி அகதி முகாமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி வடக்கே சென்றனர். பின்பு மீண்டு வந்தனர்; வெள்ளவத்தை முன்னிலும் பெரிதாக வளர்ந்தது.

1983ஆம் ஆண்டை எவ்வாறு சொல்வது? யூலை 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே பதின்மூன்று படைவீரர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு பொரளைக் கனத்தை மயானத்திலே மூண்ட சினம், 25ஆம் திகதி திங்கட்கிழமை வெள்ளவத்தையை எட்டிற்று. காலி வீதியின் இருமருங்கும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடினர். அதே நாளில் வெலிக்கடைச் சிறையில் முப்பத்தைந்து தமிழ்க் கைதிகள் கொலையுண்டனர்; இரண்டு நாள் கழித்து மேலும் பதினெண்மர். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமான நிலையமும் அகதிகளால் நிரம்பின. தமிழரைத் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்த சிங்களவரும் அந்நாளில் இருந்தனர். அவர்கள் பலருடைய பெயர் எந்நூலிலும் இல்லை.

கூப்பிடும் நாள் என்று சங்கீதம் சொன்னது இத்தகைய நாளையே. நாட்டின் தலைவர் ஜே. ஆர். ஜயவர்தன நான்கு நாள் மௌனத்தின் பின், 28ஆம் திகதி நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். தனிநாடு கோருதல் சட்டத்தால் விலக்கப்படும் என்றார். சிங்கள மக்களின் உணர்ச்சியைப் பற்றிப் பேசினார். வீடிழந்து, உறவிழந்து முகாம்களிற் கிடந்த தமிழருக்கு ஓர் ஆறுதற் சொல் அவ்வுரையில் இல்லை. அன்று அரசன் வாய் திறந்தான், செவி திறக்கவில்லை.

அவ்வேளையிலே வேறோரிடத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. அங்கிலிக்கன் திருச்சபையின் குருநாகல் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க சிங்களவர். குடியியல் உரிமைகள் இயக்கத்திலே முன்னின்றவர். கலவரம் மூண்டபோது வெளிநாட்டில் இருந்தார். திரும்பி வந்து அகதிகளைக் கண்டார். செப்டெம்பர் மாதத்திலே தம் மறைமாவட்டத்துக்கு அவர் விடுத்த மேய்ப்பர் உரையில், நிகழ்ந்ததை அறநெறி எதனாலும் நியாயப்படுத்த இயலாது என்றும், சிங்களவர் வெட்கத்தோடு அதனை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். ஒக்டோபர் 23ஆம் திகதி, ஐம்பத்தாறாம் வயதில், அவர் மறைந்தார். ஆட்சியில் இருந்த ஒருவர் அதே மன்னிப்பைக் கேட்பதற்கு இருபத்தோர் ஆண்டுகள் ஆயின: 2004 யூலையிலே சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க நாட்டின் பெயரால் அதனைச் செய்தார். முகாமிலிருந்து கப்பலேறிய பலர் அதற்குள் வேறு நாடுகளின் குடிகளாகிவிட்டனர். வேறு சிலர் உயிரோடில்லை.

கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம் சேர் இராமநாதன் புதுக்கிய ஆலயத்திலிருந்து நடைத் தொலைவில் உள்ளது. செவ்வாய்தோறும் அங்கே கத்தோலிக்கரேயன்றிச் சைவரும் பௌத்தரும் மெழுகுதிரியோடு வருவர். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. இம்முறை வெடித்தது வானிலிருந்து வீழ்ந்த குண்டு அன்று. கூட்டத்தின் நடுவே மனிதன் சுமந்து வந்த குண்டு. நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் பெரிய விடுதிகளிலும் அன்றே குண்டுகள் வெடித்தன. இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்தியப் புலனாய்வுத் துறையினர் ஏப்ரல் 4ஆம் திகதியிலிருந்தே விடுத்த எச்சரிக்கைகள் அதிகாரிகளின் மேசைகளில் இருந்தன என்பது பின்னர் வெளிப்பட்டது.

அடுத்த ஞாயிறு நாடெங்கும் கத்தோலிக்கக் கோயில்கள் அடைத்துக் கிடந்தன. பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் தம் இல்லத்திலே ஒப்புக்கொடுத்த திருப்பலியை மக்கள் தொலைக்காட்சியிற் கண்டனர். அதிலே கலந்துகொண்டவர்களுள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் இருந்தனர். குடிகள் வீட்டில், ஆள்வோர் வழிபாட்டில். யாருக்காக யார் மன்றாடுவது என்னும் பழைய வினா அச்சிற்றிடத்திலே அமர்ந்திருந்தது போலும்.

பிரபுக்களை நம்பவேண்டா, அவர்கள் மூச்சு அடங்கும் நாளில் அவர்கள் எண்ணங்களும் அழியும் என்று நூற்றுநாற்பத்தாறாம் சங்கீதம் எச்சரிக்கின்றது. அரசனுக்காக மன்றாடக் கற்பித்த அதே தொகுதியிலேதான் அதுவும் உளது. மூச்சு அடங்குமட்டும் காத்திராமலே எண்ணங்கள் அழிவதும் உண்டு. 2022இல் பொருளாதாரம் நிலைகுலைந்து, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, ஏப்ரல் முதல் காலிமுகத்திடலிலே கூடியவர்களுள் பல மதத்துக் குருமாரும் இருந்தனர். யூலை 14ஆம் திகதி சனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ சிங்கப்பூரிலிருந்து பதவி விலகற் கடிதத்தை அனுப்பினார்.

உயிர்த்த ஞாயிறு வழக்கிலே தீர்ப்பு 2023 சனவரி 12ஆம் திகதி வெளியாயிற்று. உயிரிழந்தோரின் உறவினரும் குருமாரும் சட்டத்தரணிகளும் உள்ளிட்ட பலர் தொடுத்த அடிப்படை உரிமை மனுக்களை விசாரித்த நாட்டின் உயர் நீதிமன்றம், முன்னறிவிப்புக் கிடைத்திருந்தும் தடுக்கத் தவறியமையால் மக்களின் உரிமை மீறப்பட்டது என்று கண்டது. முன்னாள் சனாதிபதி சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து பத்துக் கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என ஆணையிட்டது. பாதுகாப்பு, பொலிஸ், புலனாய்வுத் துறைகளின் அந்நாள் தலைவர்களும் செலுத்தப் பணிக்கப்பட்டனர். கொச்சிக்கடைக் கோயில் அதற்கு முன்னரே, குண்டு வெடித்த இரண்டு மாதத்துக்குள், அந்தோனியார் திருநாளுக்கென மீளத் திறக்கப்பட்டிருந்தது. கூப்பிட்டவர்களுக்கு விடை கிடைக்க மூன்று ஆண்டுகளும் எட்டு மாதங்களும் சென்றன. அவ்விடை அரண்மனையிலிருந்து வரவில்லை, நீதிமன்றத்திலிருந்து வந்தது.